ஜூடித் அக்காவும் நாலாவது கட்டமும்

வெளிநாட்டு மாணவர்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ளும் அலுவலகம் ஒன்றுக்கு எதிரே, நான் வேலை பார்த்த ஜெராக்ஸ் கடையை ஒட்டி, ஜூடித் அக்காவின் மேசை இருந்தது. மேசைமேல் ஒரு டைப்ரைட்டர், கார்பன் தாள் வைக்க ஒரு பிஸ்கெட் டப்பா. மழை வந்தால் எல்லாவற்றையும் எங்கள் கடைக்குள் தள்ளிவிட்டு, அவர் மட்டும் வெளியே குடை பிடித்துக்கொண்டு நிற்பார்.

ஊருக்குள் தமிழர்கள் நிறைந்த நீலசந்திராவில் பிறந்தவர். அப்பா கன்டோன்மென்ட் ரயில் நிலையத்தில் வேலை செய்தார். சிவாஜிநகரில் டைப்ரைட்டிங் படித்து, லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்து, ஒரு மருந்து கம்பெனியில் நாலு வருஷம் இருந்தார். கம்பெனியை மூடியதும் நடைபாதைக்கு வந்துவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார். எனக்கு அவர் சொன்னது, மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த பயோடேட்டாவில் பன்னிரண்டு தப்பு இருந்தது என்பது.

தொண்ணூற்று ஒன்று டிசம்பரில், காவேரித் தண்ணீரை வைத்துத் தமிழர்களைத் தாக்கிய கலாட்டா நடந்தபோது இரண்டு வாரம் அவர் வரவில்லை. திரும்பி வந்தபோது மேசையின் முன்னால் தொங்கிய தமிழ்ப் பலகை இல்லை. யாரும் பிடுங்கவில்லை, அவரே கழற்றியிருந்தார்.

அந்த வரிசையில் மூன்று டைப்பிஸ்டுகள் இருந்தார்கள். மற்ற இருவரும் அடித்த தாளை நீட்டி, கையெழுத்துப் போடச் சொல்வார்கள். ஜூடித் அக்கா மட்டும் கடைசி வரி வரை வாய்விட்டுப் படித்துக் காட்டுவார். ஆரம்பத்தில் விதவை உதவித்தொகைக்கு மனுப் போடும் பெண்கள்தான் அவரிடம் வந்தார்கள். அவர்களுக்குப் படிக்கத் தெரியாது, கைநாட்டு வைப்பார்கள். எதன்கீழ் வைக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா என்பார். அந்தப் பழக்கம் பட்டதாரிகளிடமும் போகவில்லை.

தொண்ணூற்று ஆறில் வர்சமே என்ற மாணவன் வந்தான். பார்மசி கடைசி வருஷம். நீலசந்திராவில் மூன்று வருஷமாக அறை எடுத்திருந்ததால் ஓரளவு தமிழ் பேசுவான். அவனுடைய தங்கும் அனுமதி முடியப் போகிறது. புதிய அனுமதியைக் காட்டாவிட்டால் கல்லூரியில் ஹால் டிக்கெட் தரமாட்டார்கள். பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

ஜூடித் அக்கா ஆளைப் பார்த்தே நாட்டைச் சொல்லிவிடுவார், தப்பாது. அன்றைக்கும் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே, பாரத்தின் நாலாவது கட்டத்தில் தேசம் என்ற இடத்தில் சோமாலியா என்று நாலு பிரதியும் அடித்து முடித்தார். பிறகு வழக்கம்போலப் படித்துக் காட்டினார். மேலே கண்டதெல்லாம் உண்மை என்ற கடைசி வரியைக் கேட்டதும் அவன் பேனாவைக் கீழே வைத்தான்.

"அக்கா, இது பொய். பொய்க்குக் கீழ நான் சைன் இல்ல."

அவன் ஊர் ஹர்கெய்சா. அது இப்போது சோமாலியா இல்லை, சோமாலிலாந்து, ஐந்து வருஷத்துக்கு முன்னாலேயே தனி நாடு என்று அறிவித்தாகிவிட்டது என்றான். கொடி இருக்கிறது, பணம் இருக்கிறது, போலீஸ் இருக்கிறது. ஆனால் எந்த நாடும் ஏற்றுக்கொள்ளவில்லை. அதனால் பழைய பெயரில் அச்சடித்த பாஸ்போர்ட்டில்தான் வந்திருந்தான். வீட்டுக் கடிதம்கூடத் தபாலில் வராது, துபாயிலிருந்து யாராவது கையில் கொண்டுவர வேண்டும். எண்பத்தெட்டில் அவர்கள் ஊர் விமான நிலையத்திலிருந்தே சோமாலியா அரசின் விமானங்கள் கிளம்பி அவர்கள் ஊர்மேலேயே குண்டு போட்டன என்றும், அண்ணன் அதில் போய்விட்டான் என்றும் சொன்னான். குரலை உயர்த்தாமல், விலாசம் சொல்வதுபோலச் சொன்னான்.

ஜூடித் அக்கா நாலு தாளையும் கிழித்துவிட்டு, புதிதாக சோமாலிலாந்து என்று அடித்துக் கொடுத்தார். அரை மணி நேரத்தில் அவன் திரும்பி வந்தான். பின்னாலேயே எதிர் அலுவலகத்தின் குமாஸ்தா கோவிந்தப்பா, காபி குடிக்க வந்தவர், எங்கள் கடைமுன் நின்றார்.

"ஏன் மேடம், மேப்புல இல்லாத ஊருக்கு நான் எப்படி சீல் போடறது? நாளைக்கு நீலசந்திரா ரிபப்ளிக்னு டைப் பண்ணி அனுப்புவீங்க."

"நீலசந்திராவுக்கு ரெண்டு நாளைக்கு ஒருதரம்தான் சார் தண்ணி. தனி நாடானா தாங்காது."

கோவிந்தப்பா சிரித்தார். ஆனால் பாரத்தை வாங்கவில்லை. பாஸ்போர்ட்டில் இருப்பதும் பாரத்தில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

ஒரு வாரம் போனது. வர்சமே தினமும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டுப் போனான். பழைய பெயரைப் போட்டுவிடு, கடவுள் மன்னிப்பார் என்று பக்கத்து மேசை எத்திராஜ் சொன்னார். ஜூடித் அக்கா வேறு வேலையை அடித்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் ஒரு விதவையின் மனு. அவளுக்கு இரண்டு விலாசம், கட்டத்தில் இடம் போதவில்லை. இணைப்பைப் பார்க்க என்று அடித்து, பின்னால் ஒரு தாள் சேர்த்தார். அடித்து முடித்ததும் கை அப்படியே நின்றது. அவனைக் கூப்பிட்டார்.

நாலாவது கட்டத்தில் 'இணைப்பில் கண்டபடி' என்று வந்தது. தனித்தாளில் இரண்டே வரி: என் பாஸ்போர்ட் சோமாலியாவின் பெயரில் வழங்கப்பட்டது. நான் ஹர்கெய்சாவில் பிறந்தவன், அது இப்போது சோமாலிலாந்து. படித்துக் காட்டினார். அவன் இரண்டு முறை கேட்டான். கையெழுத்துப் போட்டான்.

கோவிந்தப்பா பாரத்தையும் பாஸ்போர்ட்டையும் மாறிமாறிப் பார்த்தார். உள்ளே போய் அதிகாரியைக் கேட்டுவிட்டு வந்தார்.

"பாஸ்போர்ட் விவரம் இதுல வந்துடுச்சு, போதும். பெர்மிட்ல நாங்க பாஸ்போர்ட்ல இருக்கறதத்தான் எழுதுவோம். பின்னால அவரு என்ன சேத்தாலும் சேத்துக்கட்டும்."

அனுமதிப் புத்தகத்தில் அதிகாரியின் கையெழுத்தில் சோமாலியா என்றுதான் இருந்தது. வர்சமே அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். தன் தாள் என்ன ஆனது என்று கேட்டான். ஜூடித் அக்கா போய்க் கோவிந்தப்பாவைக் கேட்க, அவர் கோப்பைக் கதவோரம் கொண்டுவந்து விரித்துக் காட்டினார். தாள் அதில் தைக்கப்பட்டு, மூலையில் ஏழு என்று பக்க எண் போட்டிருந்தது. எண் போட்ட தாளை இனி யாரும் எடுக்க முடியாது என்றார். இரண்டு நாள் இருக்கும்போது அவனுக்கு ஹால் டிக்கெட் கிடைத்தது.

பரீட்சையில் ஒரு பேப்பர் போய்விட்டது. ஆறு மாதம் கழித்து, மறுபடி எழுத, மறுபடி அனுமதி கேட்டு வந்தான். ஜூடித் அக்கா பாரத்தை மட்டும் அடித்தார். நாலாவது கட்டத்தில் என்ன போடுவது என்று கேட்டார். இந்தத் தடவை இணைப்பை வாங்க மாட்டார்களோ என்று பயந்து, அவனே காலியாக விடச் சொன்னான்.

கோவிந்தப்பா பழைய கோப்போடு ஒப்பிட்டுவிட்டுத் திருப்பி அனுப்பினார். போன தடவை இணைப்பு இருக்கிறது, இந்தத் தடவை இல்லை, அது இல்லாமல் வாங்க முடியாது என்றார். ஜூடித் அக்கா கார்பன் வைத்து அந்த இரண்டு வரியை அடித்தார்.