இரண்டு முறை எழுதிய திடல்

டெய்லரக்கா கவுன்சிலர் ஆனது ஒரு சாக்கடையால்தான். அவர் தெருவில் அது மூன்று மாதம் அடைத்துக் கிடந்தது. மனு கொடுத்துக் கொடுத்துச் செருப்பு தேய்ந்தவரை, பக்கத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து தேர்தலில் நிறுத்தினார்கள். நாற்பத்தோரு ஓட்டில் ஜெயித்தார். ஜெயித்தவர்களெல்லாம் சாலைக் குழு, குடிநீர்க் குழு என்று முண்டியடித்து இடம்பிடிக்க, யாரும் சீந்தாத நகரமைப்புக் குழு இவர் தலையில் வந்து விழுந்தது.

முதல் கூட்டத்தில் மேசை கொள்ளாத ஒரு வரைபடத்தை விரித்தார்கள். அடுத்த இருபது வருடத்தில் ஊரில் எங்கே வீடு வரலாம், எங்கே கடை வரலாம், எதைத் தொடவே கூடாது என்று சொல்லும் வரைவுத் திட்டம். வீட்டுக்கு மஞ்சள், கடைக்குச் சிவப்பு, கிடங்குக்கும் பட்டறைக்கும் ஊதா, திறந்தவெளிக்குப் பச்சை. அவருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. மற்ற ஆறு பேரும் பெரிதாகத் தலையாட்டினார்கள். அவர்களுக்கும் புரியவில்லை என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது. ஜாக்கெட் இறுக்கிப் பிடிக்கிறது என்று சொல்லக் கூச்சப்பட்டு நிற்கும் முகங்களை அவர் முப்பது வருடமாகப் பார்க்கிறார்.

வீட்டுக்கு ஒரு பிரதி கொண்டுபோகலாமா என்று கேட்டார். இதுவரை யாரும் கேட்டதில்லை என்றபடி திட்ட அலுவலர் சுருட்டிக் கொடுத்தார்.

கடையில், வெட்டும் மேசையில் அதை விரித்துப் போட்டார். நகரத்தில் பத்தில் ஒரு பங்காவது பொதுத் திறந்தவெளியாக இருக்கவேண்டும் என்பது விதி. இருக்கிறது என்று ஓரத்துப் பட்டியல் சொன்னது. அவர் கண்ணுக்கு என்னவோ குறைச்சலாகப் பட்டது. ஆளைப் பார்த்தே இடுப்பளவு சொல்லும் கண் அது. கட்டம்போட்ட தாளை மேலே வைத்து, பச்சைத் துண்டு ஒவ்வொன்றையும் பென்சிலால் படியெடுத்துக் கட்டங்களை எண்ணினார். நாத்தனாரும் அதே கடையில் தைப்பவர். தையலை நிறுத்திவிட்டு, "அண்ணி, ஊரையே தைக்கப் போறீங்களா?" என்று கேட்டார். மூன்றாம் நாள் அவரும் எண்ண உட்கார்ந்துவிட்டார்.

கணக்கில் ஆறு ஏக்கர் உதைத்தது. பட்டியலை வரிவரியாகப் பார்த்தபோது குட்டு உடைந்தது. பதினான்காவது வரியில், பள்ளி நிலக் கணக்கில், பள்ளி மைதானம்; முப்பத்தொன்றாவது வரியில், திறந்தவெளிக் கணக்கில், பொது விளையாட்டுத் திடல். வரைபடத்தில் இரண்டும் ஒரே இடம்; அதற்குப் பச்சை நிறமும் இல்லை. இருவரும் நேரில் போய்ப் பார்த்தார்கள். பள்ளி விட்டதும் கேட்டில் பூட்டு. உள்ளே ஈ, காக்கா கிடையாது. வெளியே, லாரிகளுக்கு நடுவே, பிள்ளைகள் தெருவில் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் எண்ணிய தாள்களை எடுத்துவைத்தார். கம்ப்யூட்டர் போட்ட கணக்கு தப்பாது என்றார் திட்ட அலுவலர்.

"கம்ப்யூட்டர் சரியாத்தான் கூட்டியிருக்கு சார். நாமதான் ஒரே இடத்தை ரெண்டு தடவை எழுதிக் கொடுத்திருக்கோம்."

அலுவலர் குனிந்து பார்த்தார். இரண்டு வரிகளையும் வரைபடத்தோடு ஒத்துப்பார்த்தார். பிறகு, தப்பு தன்னுடையதுதான் என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே டெய்லரக்காவுக்கு அவர்மேல் மரியாதை வந்தது. குழுத் தலைவரோ, இப்போதைக்கு நிறைவேற்றிவிட்டுப் பிறகு திருத்தலாம் என்றார்.

"இன்னைக்குப் படத்துல இல்லாத திடல், வீடெல்லாம் வந்தப்புறம் எங்கிருந்துங்க வரும்?"

நகராட்சியின் பழைய வண்டி நிறுத்துமிடம் ஒன்று சும்மா கிடந்தது. அது ஊதாவில் இருந்தது. அதைப் பச்சையாக்கச் சொன்னார் டெய்லரக்கா. லாரி வைத்திருக்கும் கவுன்சிலர் ஒருவர் எகிறிக் குதித்தார். அங்கே கிடங்கு வந்தால்தான் லாரிகள் தெருவை விட்டுப் போகும் என்பது அவர் வாதம். அதற்குமேல் யாரும் யாரையும் பேசவிடவில்லை. கூட்டம் தள்ளிப்போடப்பட்டது.

வேறு யாராவது இருந்தால் மறுநாளே ஆள் சேர்த்துக் கோஷம் போட்டிருப்பார்கள். டெய்லரக்கா லாரிக்காரர் வீட்டுக்கே போனார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்று பட்டது. லாரி எங்கேயாவது நின்றுதானே ஆகவேண்டும்? "அண்ணே, உங்களுக்கு இடம் வேணும், எங்களுக்கும் இடம் வேணும். சேர்ந்தே தேடுவோமே" என்றார். மூன்று வாரம் அவருடைய லாரியிலேயே முன்சீட்டில் ஏறி ஊர்க்கோடியெல்லாம் சுற்றினார். பஸ் ஓட்டும் கணவர், தன் வண்டியில் ஒருநாள்கூட முன்சீட்டில் உட்காராதவள் என்று பார்ப்பவரிடமெல்லாம் குறைப்பட்டுக்கொண்டார். கடைசியில் ரயில் சரக்குக் கொட்டகைக்குப் பின்னால் ஓர் இடம் அகப்பட்டது. திட்ட அலுவலரும் வந்து அளந்து, சரி என்றார்.

நினைத்தது முழுக்க நடந்துவிடவில்லை. பழைய நிறுத்துமிடத்தின் தெருவோரத்தைக் கடைகளுக்கு விட்டுக்கொடுக்க வேண்டிவந்தது. நாலரை ஏக்கர் பச்சையானது. மீதி ஒன்றரைக்கு, பள்ளி விட்டபின் மைதானத்தின் ஒரு பக்கத்தைப் பொதுவாகத் திறந்துவிடுவதென்று எழுதிவாங்கினார். நான்குக்கு மூன்று என்று தீர்மானம் நிறைவேறியது. நான்காவது ஓட்டு லாரிக்காரருடையது.

அடுத்த தேர்தலில் டெய்லரக்கா தோற்றுப்போனார். தெருவில் திடல் இன்னும் வரவில்லையே என்று கேட்டவர்களுக்கு, அது வரைபடத்தில் வந்துவிட்டது என்ற பதில் போதவில்லை. இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை. பிறகு தைக்க உட்கார்ந்தார். பழைய நிறுத்துமிடத்தின் முள்வேலியை எடுத்து, மண்ணைச் சமப்படுத்தித் திடலாக்க மேலும் இரண்டு வருடம் ஆயிற்று.

திடல் வந்த அந்த வருடமே, திட்டத்தைத் திருத்தப் பொதுமக்களிடம் முப்பது நாள் ஆட்சேபம் கேட்டார்கள். வரைபடம் நகராட்சி வராந்தாச் சுவரில் தொங்கியது. வந்தவர்கள் பார்த்துவிட்டு, தலையும் புரியாமல் வாலும் புரியாமல் திரும்பினார்கள். பதவியில்லாத டெய்லரக்கா தினமும் மதியம் கடையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு அங்கே பெஞ்சில் உட்கார்ந்தார். திட்ட அலுவலர் தாமாகவே ஒரு மின்விசிறி கொண்டுவந்து வைத்தார். டெய்லரக்கா வந்தவர்களுக்கு வரைபடத்தை விளக்கினார்; மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக்கொடுத்தார். அந்தத் தடவை வந்த ஆட்சேபங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. அதற்கு முந்தைய தடவை வந்தவை ஒன்பது.