படித்துறை வைத்த பனி ஏரி

எனக்கு இருபத்தேழு வயது முடிவதற்குள் ஏழு மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் கேசரி, பஜ்ஜி முடிந்ததும் அப்பா ஹால் சுவரைக் காட்டி, "ஆயில் பெயிண்டிங். பொண்ணு போட்டதுதாங்க" என்பார். பனி மூடிய மலை, உறைந்த ஏரி, கரையில் ஒரு மரவீடு. வெயிலில் மண்டை பிளக்கும் அரியலூரில் உட்கார்ந்துகொண்டு பனியை வரைந்ததற்கே என்னைப் பாராட்டலாம்.

கற்றுக்கொண்டது பெரம்பலூரில், ஒரு டீச்சர் வீட்டில், சனிக்கிழமைகளில். அவரிடம் இருந்தது வெளிநாட்டுக் காலண்டரிலிருந்து கிழித்த ஒரே ஒரு தாள். எல்லாரும் அதைப் பார்த்துத்தான் வரைய வேண்டும். அதன் வலது கீழ் மூலை கிழிந்து போயிருந்ததால் அந்த மூலையில் மட்டும் அவரவர் இஷ்டம். நான் யோசிக்காமல் ஒரு படித்துறை வைத்தேன். ஏரி என்றால் இறங்கப் படி வேண்டாமா? டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பனி கொட்டுற ஏரியில யாருடி குளிக்க வரப் போறா? உனக்கு முன்னாடி படிச்ச பொண்ணு வாத்து போட்டா. ஐஸ் மேல வாத்து நீந்துது. நீ அவளுக்கு மேல இருக்க."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அழிக்கவே மாட்டேன் என்றேன். படிகளின் மேலும் நீலம் கலந்த வெள்ளையைப் பூசி, அங்கேயும் பனி விழுந்ததாக ஒப்பேற்றினேன்.

எட்டாவதாக வந்தது பூலாம்பாடிப் பக்கத்துக் குடும்பம். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அத்தை. மாப்பிள்ளை அதிகம் பேசவில்லை, பார்க்க லட்சணமாக இருந்தார். எனக்குப் பிடித்திருந்தது, அதை இப்போது எதற்கு மறைக்க வேண்டும்? நான் காபித் தட்டோடு நிற்கையில் அப்பா வழக்கம்போல் சுவரைக் காட்டினார்.

அத்தை எழுந்து படத்துக்கு அருகில் போனார். "அட, இதே படம் நம்ம வூட்டுலயும் மாட்டியிருக்கே! இதுல படித்துறை இருக்கு. அந்தப் புள்ள வாத்துல்ல போட்டிருந்துச்சு?"

மாப்பிள்ளையின் அம்மா அத்தையின் முந்தானையைப் பிடித்து இழுத்தார். இழுத்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

"எந்தப் புள்ளைங்க?" அப்பா இன்னும் சிரித்த முகமாகத்தான் கேட்டார்.

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார்.

"மூணு மாசந்தாங்க இருந்துச்சு," என்றார் மாப்பிள்ளையின் அம்மா கடைசியில். "ஒத்து வரல, அப்பன் வூட்டுக்கே அனுப்பிட்டோம். முறைப்படி எழுதி வாங்கியாச்சு. அதெல்லாம் ஒரு கல்யாணத்துலயே சேத்தி இல்லைங்க."

பெண்ணை அனுப்பிவிட்டார்கள், அவள் போட்ட படத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். டீச்சர் வீட்டில் எனக்கு முன்னால், நான் உட்கார்ந்த அதே ஜன்னலோரம் உட்கார்ந்து, அதே தாளைப் பார்த்து வரைந்தவள்.

அப்பா எழுந்து கைகூப்பி, "போயிட்டு வாங்க" என்றார். அவர்கள் கார் புறப்பட்டதும் இந்த வரனைக் கொண்டுவந்த தரகரைத் திட்டத் தொடங்கினார். "எவ்வளவு பெரிய விஷயம், மறைச்சிருக்கான் பாரு! வரட்டும் அவன்!" என்று வாசலுக்கும் ஹாலுக்குமாக நடந்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தை வாய் தவறியபோது அப்பா அதிர்ந்தார், நான் அதிர்ந்தேன். பக்கத்திலேயே நின்ற என் அம்மா மட்டும் என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுப்படிக்குப் போனேன். அம்மா மீந்த பஜ்ஜிகளை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

அவள் டப்பாவை அழுத்தி மூடினாள்.

"தரகர் எங்கிட்ட சொன்னாரு. தாலி ஏறுனதுக்கப்புறம் ஒங்கிட்ட சொல்லிக்கலாம்னு இருந்தேன்."