வனஜா போட்ட கோடுகள்

தரையிலிருந்து யார் கையும் பிடிக்காமல் எழுந்தது. ஜோகுபாளையத்தில் எங்கள் சந்திலிருந்து பால் பூத் வரை தனியாகப் போய்த் திரும்பியது. நூற்று முப்பத்தெட்டு கிலோவிலிருந்து நூற்றொன்றுக்கு இறங்கியது. பால்கார முனிராஜின் வாயை அடைத்தது. என் தங்கை வனஜா ஜெயித்தவை இவை. சின்ன விஷயங்களாகத் தெரியலாம். பக்கத்தில் இருந்து பார்த்த எனக்கு அப்படித் தெரியவில்லை.

வீட்டில் நாங்கள் இருவர்தான். எனக்குப் பீன்யாவில் துணி ஃபாக்டரியில், தைத்த உருப்படிகளில் குறை பார்க்கும் செக்கிங் வேலை. காலை ஆறேமுக்காலுக்குக் கிளம்பி, இரண்டு பஸ் மாறிப் போய், இரண்டு பஸ் மாறித் திரும்பினால் மணி ஏழரை ஆகிவிடும். 2006இல் ஒரு நாள் காலை அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல் நான் வரும்வரை ஈரத்தரையிலேயே கிடந்தாள். யாரையும் கூப்பிடவில்லை. நாலு பேர் சேர்ந்து தன்னைத் தூக்குவதைப் பார்க்கக் கூட்டம் கூடும் என்று பயந்தாளாம். அதற்குப் பிறகுதான் ஆபரேஷனுக்குச் சம்மதித்தாள். தனியாக இருக்கும்போது விழுந்தால் தானே எழ வேண்டும், அவள் கேட்டது அவ்வளவுதான்.

2007 நவம்பர் 12ஆம் தேதி அவளுடைய இரைப்பையைச் சிறிதாக்கினார்கள். சம்மதப் படிவத்தில் கைநாட்டு வைத்தாள். இரண்டாம் வகுப்பில் அவள் உட்கார்ந்த பெஞ்சு முறிந்து வகுப்பே சிரித்தது. அன்றோடு பள்ளிக்கூடம் முடிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, பிசியோதெரபி பார்க்கும் டென்சில் ஓர் அட்டை கொடுத்தார். காக்ஸ் டவுன்காரர், பொறுமைசாலி. எத்தனை நிமிடம் நடந்தாள், நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்கார்ந்தாள், எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. கடைசிக் கட்டம் நோயாளியின் கையெழுத்துக்கு.

அட்டையை நான் எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் உள்ளே நுழைந்ததும் கேட்பேன்.

"எத்தினி நிமிஷம்?"

"இருவது அக்கா."

"எழுந்து உக்காந்தது?"

"பத்து."

நீல மையில் எழுதி, அவள் பெயரையும் நானே போட்டுவிடுவேன். ஆறு வாரத்தில் ஓர் அடித்தல்கூட இல்லை.

டிசம்பர் 22ஆம் தேதி டென்சில் அட்டையைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ சுத்தமா யாரும் எழுதி நான் பாத்ததில்லை" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு அவளை வராந்தாவில் ஆறு நிமிடம் நடக்கச் சொன்னார். இரண்டாவது நிமிடத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டாள். நாற்காலியிலிருந்து மூன்று முறைக்கு மேல் எழ முடியவில்லை.

"இருவத்திரண்டு கிலோ கொறஞ்சிருக்கு. ஆனா காலு முன்னவிட வீக்கா இருக்கு" என்றார். "சாப்பாடு கொறஞ்சா கொழுப்பு மட்டும் போகாதும்மா, சதையும் சேந்து போகும். இப்படியே போனா எளச்சிருவீங்க, ஆனா விழுந்தா எழ முடியாது."

வனஜா தரையைப் பார்த்தாள். "நான் நடக்கவே இல்ல சார்."

"அப்ப இதுல இருக்கிறது?"

"அக்கா ரெண்டு பஸ் மாறி வந்து, செருப்பக்கூட கழட்டாம கேக்குறாங்க. இல்லேன்னு சொன்னா மூஞ்சி தொங்கிடும். வெளிய போனா அந்த பால்காரன், ஜாகா விடுங்கப்பா, தேரு கெளம்பிடுச்சுன்றான்."

டென்சில் என் பக்கம் திரும்பினார். "நீங்க செக்கிங்தானே? பீஸப் பாக்காம பாஸ் பண்ணுவீங்களா?"

பழைய அட்டையை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

புது அட்டையை அவள் கையில் கொடுத்தார். "நடந்தவங்கதான் கையெழுத்துப் போடணும்."

"எனக்கு எழுத வராது சார்."

"கோடு போடுங்க. நடக்காத நாளு காலியா விடுங்க, திட்ட மாட்டேன். வெளிய போக வேணாம், வீட்டுக்குள்ளயே நடங்க."

இஞ்சு டேப் வைத்து அளந்தேன். வாசற்படியிலிருந்து அடுப்பு மேடை வரை பதினோரு அடி நாலு அங்குலம். முதல் வாரம் அட்டையில் இரண்டே கோடுகள். காலிக் கட்டங்களைப் பார்த்தால் கை பேனாவைத் தேடும். எடுத்து, திரும்ப வைத்துவிடுவேன். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றித் தண்ணீர் குடிப்பேன், எதுவும் கேட்க மாட்டேன். பஸ் பயணத்தைவிட அது அசதியாக இருந்தது.

"இன்னிக்கும் கேக்கலியா?"

"கேக்க மாட்டேன்."

"ரொம்பத்தான்."

ஜனவரியில் வாரத்துக்கு நாலு கோடு, சில வாரம் மறுபடி இரண்டு. பிப்ரவரி 26ஆம் தேதி நான் வந்ததும், "பாரு" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். தூக்கப் போனேன்.

"கிட்ட வராத."

ஒரு முழங்காலை ஊன்றி, நாற்காலியைப் பிடித்து, மூச்சு வாங்க எழுந்து நின்றாள். மறுநாள் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததும் தூங்கிவிட்டேன். அவள் விழுந்த நாளிலிருந்து நான் பஸ்ஸில் தூங்கியதில்லை.

அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, நான் வேலைக்குக் கிளம்புமுன், பால் பூத்துக்குத் தானே போவதாகச் சொன்னாள். வாசலில் நின்று பார்த்தேன். பாதி தூரத்தில் ஒருமுறை சுவரைப் பிடித்தாள். முனிராஜ் வழக்கம்போல் ஆரம்பித்தான்.

"ஜாகா விடுங்கப்பா, தேரு கெளம்பிடுச்சு."

"தேருன்னு தெரியுதில்ல?" என்றாள் வனஜா. "கும்புட்டு வழி விடு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இந்தத் தடவை அவனைப் பார்த்து.

வியர்த்து வழியத் திரும்பி வந்து, பால் பாக்கெட்டை மேடையில் வைத்தாள்.

"பழைய அட்டைல எம் பேரு எழுதியிருந்தியே, அத எடு."

அதைப் பார்த்துப் பார்த்து, அன்றைய கட்டத்தில் கோட்டுக்குப் பதிலாக மெதுவாக எழுதினாள். கடைசி எழுத்தான ஜா கட்டத்தைத் தாண்டி அடுத்த நாளுக்குள் போய்விட்டது. நான் திருத்தவில்லை. என் பஸ்ஸும் போய்விட்டது.

அந்தக் கட்டத்தின் தேதி 2008 மார்ச் 17.