பிரிக்கப் பயந்த லில்லி

திண்டிவனத்துக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டோர நர்சரியில் தொட்டியும் கையுமாக நிற்கிறேன். விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த ஃபுட்பால் லில்லி. வருஷத்துக்கு ஒருதரம் சிவப்புப் பந்துபோலப் பூக்க வேண்டியது, எங்கள் மாமர நிழலில் மூன்று வருஷமாகப் பூக்கவில்லை. இந்த வருஷமும் பூக்காவிட்டால் அந்த இடத்தில் ஆடு கட்டப்போவதாக மனைவி சொல்லிவிட்டாள்.

நர்சரிக்கார அம்மா தொட்டியைத் தட்டிப் பார்க்கிறார். "கெழங்கு நெருக்கிக்கினு கெடக்குது. பிரிச்சு நட வேண்டியதுதானே? வூட்ல கத்தி இல்லீங்களா?"

"இருக்குதுங்க. தைரியந்தான் இல்ல."

வகுத்தல் கணக்கு வந்த வருஷமே பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிரிப்பது என்றாலே பயம்.

அவர் தொட்டியைக் கவிழ்த்து, பூண்டு உடைப்பதுபோல வெறுங்கையாலேயே பிரிக்கிறார். ஏழு கிழங்குகள். ஒன்றில் வேர் அறுந்துவிடுகிறது.

"ஐயோ, செத்துடுமா?"

"அது சாவாதுண்ணா. நீங்கதான் பயத்துலயே பூடுவீங்க. எலை காஞ்சப்புறம் தண்ணி ஊத்துறீங்களா?"

"காஞ்சுட்டுதேன்னு ரெண்டு வேளையும் ஊத்துவேன்."

"நாசமாப் போச்சு! அது தூங்குதுண்ணா. தூங்குற ஆளு மூஞ்சியில தெனம் தண்ணி ஊத்தினா வெளங்குமா?"

சிரித்துக்கொண்டே, தனக்கு ஒரு கிழங்கு கேட்கிறார். நான் நான்கை எடுத்து நீட்டுகிறேன்.

"எதுக்குண்ணா இத்தினி?"

தாராள மனசு என்று நினைத்துக்கொள்ளட்டும். இவர் கையில் நான்கு கிழங்காவது பிழைத்துக்கொள்ளும். மற்ற மூன்றுக்கும், பாவம், நான்தான்.