காமாரியாவின் ஒற்றை விரல்

காமாரியா மெல்லும்போது பேசமாட்டாள். கல்லாவில் உட்கார்ந்தபடி அவித்த முட்டையில் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டால், அது கூழாகி இறங்கும்வரை எதிரே யார் நின்றாலும் நிற்கவேண்டியதுதான். "அக்கா, எவ்வளவு?" என்று கேட்பவருக்கு முன்னால் ஒரு விரல் உயரும். அது விலை சொல்லும் விரல் இல்லை, பொறு என்று சொல்லும் விரல். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை ஒட்டிய சந்தில் இருக்கும் அந்த நாசி கண்டார் சோற்றுக்கடைக்குப் பழகியவர்கள் விரலுக்குக் கட்டுப்பட்டு நிற்பார்கள். புதிதாக வருகிறவர்கள் அந்த அம்மாவுக்குப் பல்வலி என்று நினைத்துக்கொண்டு பரிதாபப்படுவார்கள்.

ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் வயிற்றின் இடப்பக்கத்தை லேசாகத் தட்டிக்கொள்வாள். உள்ளே இருப்பது இரட்டைப் பிள்ளை. "இந்தப் பக்கம் இருக்கிறது சின்னது. கொஞ்சம் சோம்பேறி லா. சொல்லிட்டுத்தான் அனுப்பணும்" என்பாள். வலப்பக்கத்துப் பிள்ளைக்கு அந்தத் தட்டல் கிடையாது. அது கேட்காமலே எடுத்துக்கொள்கிற ரகம்.

சில வருஷங்களுக்கு முன்னால் அவளைப் பார்த்தவர்களுக்கு இன்றைய காமாரியாவை அடையாளம் தெரியாது. அப்போதெல்லாம் கடைக்குப் பெயர்ப்பலகையே தேவைப்படவில்லை. கல்லாவில் அவள் அந்தப் பெருத்த உடம்போடு உட்கார்ந்திருந்தாலே போதும், சாப்பாடு எப்படி இருக்கும் என்று தெருவுக்கே தெரிந்துவிடும். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லை. சர்க்கரை ஏறியது, முழங்கால் மக்கர் செய்தது. எண்பத்தொன்பதில் சிங்கப்பூருக்குப் போய் இரைப்பையைச் சின்னதாக்கிக்கொண்டு திரும்பினாள். "உள்ளாற ஸ்டேப்ளர் அடிச்சிட்டாங்க, ஆபீஸ்ல பேப்பருக்கு அடிப்பாங்களே அந்த மாதிரி" என்று எல்லோரிடமும் சொன்னாள். இனி ஒரு வேளைக்கு ஒரு தேநீர்க் கோப்பை அளவுதான் இறங்கும். உடம்பு இறங்கியது. கூடவே கொஞ்சம் வியாபாரமும் இறங்கியது. முதலாளி பெண்டாட்டியே மெலிந்துபோனால் சாப்பாட்டின் மேல் சந்தேகம் வராதா? அவள் புருஷன் சீனி முகம்மது வந்தவர் போனவரிடமெல்லாம் "ஆபரேசன் அண்ணே, ஆபரேசன்" என்று வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு பிள்ளை தரித்தது. ஒன்றுக்கு இரண்டாகத் தரித்தது. சீனி முகம்மது சந்தோஷத்தில் ஒரு தட்டு நிறையச் சோறு போட்டு, எல்லாக் குழம்பையும் வெள்ளமாக ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். "மூணு பேருக்குச் சாப்பிடணும் லா."

"மூணு பேருக்கும் ஒரு கோப்பைதாங்க" என்று சொல்லிவிட்டு அவள் மீனை மட்டும் எடுத்துக்கொண்டாள். சோறு தொண்டைக்குக் கீழே அடைத்துக்கொள்ளும், அவசரப்பட்டால் வாந்தியாகத் திரும்பிவரும். அண்டா அண்டாவாகச் சோறு வடிக்கிற கடையில் சோறு தொடாமல் சாப்பிடுகிற ஒரே ஆள் முதலாளியின் மனைவி. சீனி முகம்மதுக்கு அது இன்றுவரை ஜீரணமாகவில்லை. "சோறில்லாம என்ன சாப்பாடு? வெறும் நொறுக்குத்தீனி" என்பார்.

கல்லா அவளுக்கு உபதொழில்தான். உண்மையான உத்தியோகம் ருசி பார்ப்பது. நாசி கண்டாரில் மீன்குழம்பும் ஆட்டுக்குழம்பும் கோழிக்குழம்பும் ஒரே தட்டில் கலந்துதான் ஓடும். ஒன்றில் உப்புத் தூக்கினாலும் தட்டே கெட்டது. தனித்தனியாகவும் பார்க்கவேண்டும், கலந்தும் பார்க்கவேண்டும். சமையல்காரர் நாகூர் மீரான் ருசி பார்ப்பதில்லை. அவர் வாயில் எப்போதும் வெற்றிலை. அடுப்படி பெஞ்சுக்குக் கீழே அவர் வெற்றிலை துப்பும் பித்தளைப் படிக்கம் இருக்கும், அதை வேறு யாரும் தொடக்கூடாது. "என் நாக்கு செத்துப்போச்சு. தங்கச்சி நாக்கு இருக்கு, போதும்" என்பார். காலையில் அவர் கரண்டியோடு வந்து நிற்பார், அவள் குடிப்பாள், ஒரு வார்த்தை சொல்வாள், அவர் போய்த் திருத்திக்கொண்டு மறுபடி வருவார். அவளைத் தவிர வேறு யாருடைய நாக்குக்கும் அவர் கட்டுப்பட்டதில்லை.

ஆறாம் மாதத்தில் டாக்டர் அருந்ததி ஸ்கேனைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார். வலப்பக்கம் நன்றாக வளர்கிறது, இடப்பக்கம் பின்தங்கிவிட்டது. இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்து, காலம் வருமுன்பே இரண்டையும் எடுக்கவேண்டியிருக்கும் என்றார். இத்தனை வருஷம் காத்திருந்து கிடைத்ததில் ஒன்று, தன் வயிறு சின்னதாக இருப்பதால் கைநழுவிப் போகுமோ என்று காமாரியா பயந்தாள்.

"காலையில என்ன சாப்பிடுறீங்க?"

"காலையில ஒண்ணும் இறங்காது டாக்டர். வயிறு கம்முன்னு இருக்கும். பத்து மணிக்கு மேலதான் முட்டையே."

"எழும்பினதிலேர்ந்து வாயில ஒண்டுமே படுறதில்லையோ?"

"ஒண்ணுமே இல்ல டாக்டர். கொழம்பு ருசி பாக்கிறதோட சரி."

டாக்டர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார். எத்தனை குழம்பு, எத்தனை கரண்டி என்று கேட்டார். காமாரியா சொல்லச் சொல்ல அவளுக்கே விளங்கத் தொடங்கியது. ருசி பார்ப்பதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கும் வழக்கம் அவர்கள் வீட்டில் யாருக்குமே இல்லை. கோப்பை முழுக்கக் காலையிலேயே குழம்புத் தண்ணீர் நிரம்பிவிடுகிறது, அப்புறம் மீனுக்கு எங்கே இடம்? "உங்கட வயித்தில தண்ணிக்கு இடம் குடுக்காதைங்கோ. முதல்ல மீன், முட்டை, கோழி. நாக்கில வச்சுப்போட்டுத் துப்புங்கோ" என்றார் டாக்டர். யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண். நாகூர் மீரானைத் தெரியாத அவருக்கு அது சுலபமான காரியமாகத் தெரிந்தது.

மறுநாள் காலையில் காமாரியா மீன்குழம்பை வாயில் வாங்கி, நாக்கில் சுழற்றி, குழாயடியில் துப்பினாள். நாகூர் மீரான் அடுப்பை அணைத்துவிட்டார்.

"என்ன கொறை?"

"கொறை ஒண்ணும் இல்லண்ணே."

"கொறை இல்லாததையா துப்புனே?"

"டாக்டர் சொன்னாங்கண்ணே. கொழம்பு குடிச்சா வேற சாப்பாடு இறங்க மாட்டேங்குது. நோம்பு மாசத்துல ருசி பாத்துட்டுத் துப்பத்தானே செய்யிறேன்."

"அது அல்லாவுக்காக. நோம்புக்கு இன்னும் மாசக்கணக்கு கெடக்கு. வாயில வாங்குனத வெளியில துப்புறதுக்கா நான் சமைக்கிறேன்? இது யாருக்காக?"

காமாரியா இடப்பக்கத்தைத் தொட்டாள். "இதுக்காக. இது வளரலையாம்ண்ணே."

அவர் அடுப்பைப் பற்றவைத்தார், அன்று அதற்குப் பிறகு கரண்டியை அவளிடம் கொண்டுவரவில்லை. வேறு வழியில்லாமல் சீனி முகம்மது ருசி பார்த்தார். அவருக்கு எல்லாமே நன்றாக இருந்தது. மத்தியானம் ஆட்டுக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டவர்கள் ஆளுக்கு இரண்டு குவளைத் தண்ணீர் கேட்டார்கள். காமாரியா கல்லாவில் உட்கார்ந்து கோழியை மென்றுகொண்டிருந்தாள். நாகூர் மீரான் அடுப்பை விட்டுப் போய்விட்டால் கடை படுத்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் மறுபடி விழுங்குவதில்லை என்று தீர்மானமாக இருந்தாள். தராசில் இடப்பக்கத்துப் பிள்ளையை வைத்த பிறகு மறுதட்டில் எதை வைத்தாலும் தூக்கவில்லை.

அதற்கு அடுத்த காலையில் அவர் வழக்கம்போல் கரண்டியோடு வந்தார். மற்றொரு கையில் பித்தளைப் படிக்கம் இருந்தது. புளி போட்டுத் தேய்த்திருந்தார், அதில் முகம் பார்க்கலாம். கல்லா மேசையில் அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார். பக்கத்தில் ஒரு தட்டும் வைத்தார். முள் எடுத்த மீன், கொஞ்சம் மீன்முட்டை, சோறு கிடையாது. வெற்றிலை இல்லாமல் அவர் வாய் சிவந்திருக்கவில்லை.

"மொதல்ல நோம்பு தொற. அப்புறம் கொழம்பு" என்றார். கரண்டியை அவளிடம் கொடுத்துவிட்டு, தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். தான் சமைத்ததை ஒருத்தி துப்புவதைப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை.

காமாரியா கரண்டியை ஓரமாக வைத்தாள். இடப்பக்கத்தைத் தட்டினாள், மீனை வாயில் போட்டு மெல்லத் தொடங்கினாள்.

"உப்பு எப்படித் தங்கச்சி?" என்றார் அவர், திரும்பாமலே.

அவள் ஒரு விரலை உயர்த்தினாள். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவருக்கு அது தெரிய வழியே இல்லை. இருந்தாலும் நின்றுகொண்டிருந்தார்.