கோல்கீப்பரைப் பெற்றவள்

எங்கள் மைதானத்தில் டீ விற்கும் அக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. அவள் யாருடைய அம்மா என்பதுதான் கேலரியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. கேட்டில் டிக்கெட் கிழிக்கும் எனக்குத் தெரியும். எங்கள் டீமின் கோல்கீப்பர் அவள் பெற்ற பிள்ளை.

கணவர் போனபிறகு அந்தப் படிகளில் ஏறி இறங்கித்தான் அவனை ஆளாக்கினாள். ஒரு கையில் டீ கேன், இன்னொரு கையில் பேப்பர் கப் அடுக்கு. முட்டி தேய்ந்துவிட்டது, வாய் தேயவில்லை. "இதுல சர்க்கரை போட்டீங்களா?" என்று ஒருவன் கேட்டால், "போட்டேன்பா, உன் வாய்க்குள்ள போனதும் கசந்திருக்கும்" என்பாள்.

அவள் அப்படிச் சொன்னதில் காரணம் உண்டு. கோல் விழுந்தால் எங்கள் ஆட்கள் கீப்பரைத் திட்டமாட்டார்கள், அவனைப் பெற்றவளைத் திட்டுவார்கள். பந்தைக் கோட்டை விட்டவன் ஒருத்தன், பேச்சு வாங்குகிறவள் இன்னொருத்தி. அதைக் கத்திவிட்டுத் தொண்டை வறண்டு, அவளிடமே ஒரு டீ என்று கை நீட்டுவார்கள். அவளும் ஊற்றுவாள். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"நீங்கதான் அவங்கம்மான்னு சொல்லிடட்டுமாக்கா?" என்று கேட்டேன்.

"வாயை மூடிட்டு உன் வேலையப் பாரு. நான் இதையெல்லாம் கேட்டுக்கிட்டு நிக்கிறது அவன் காதுக்குப் போச்சுன்னா அப்புறம் பந்துமேல கண்ணு நிக்காது."

வீட்டில் மகன் விடமாட்டான். "என்னம்மா சொன்னாங்க?" என்று துருவுவான். "யாரு கண்டா? டீ ஊத்தவே நேரம் சரியா இருந்துச்சு. ஒண்ணும் காதுல விழல" என்பாள். அவனும் நம்பிவிடுவான்.

அப்புறம் அந்த இறுதிப்போட்டி. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில், ஒரு சாதாரணப் பந்து அவன் கால் நடுவே புகுந்து உள்ளே போனது. மறுநாள் பேப்பரில் அவன் குப்புறக் கிடக்கிற படம். அவர்கள் வீட்டு ஜன்னலில் கல் விழுந்தது. டீமிலிருந்து தூக்கிவிட்டார்கள். தேர்தலில் தோற்றவன் கட்சி மாறிக்கொள்ளலாம், போரில் தோற்ற தளபதி சிப்பாய்மேல் பழியைப் போடலாம். கோல்கீப்பருக்குப் பின்னால் வலையைத் தவிர யாரும் இல்லை.

அவன் அறையைவிட்டு வெளியே வரவில்லை. போனில் அந்தக் கோலையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பான். கீழே முகம் தெரியாதவர்கள் எழுதியிருப்பதை ஒன்றுவிடாமல் படிப்பான். வாசலில் வைத்த தட்டு வைத்தபடியே ஆறிக் கிடக்கும். "எனக்குப் பயமா இருக்குடா. ராத்திரியெல்லாம் கதவுல காது வச்சுக்கிட்டே படுத்திருக்கேன்" என்று அக்கா என்னிடம் சொன்னாள். அவள் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

எப்படியாவது அவனை வெளியே கொண்டுவர முட்டியைச் சாக்காக வைத்தாள். கேனைத் தூக்க ஆள் வேண்டும் என்று கெஞ்சி அடுத்த ஆட்டத்துக்கு அழைத்து வந்துவிட்டாள். தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தான். "வா தம்பி" என்றேன், தலையை மட்டும் ஆட்டினான். கேட்டைச் சாத்திவிட்டு நானும் பின்னாலேயே போனேன். அவன் கேனைத் தூக்க, அவள் ஊற்ற, பாதி ஆட்டம் நல்லபடியாகவே போனது. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

புது கீப்பர் சின்னப் பையன். ஒரு பந்து அவன் கையில் பட்டு நழுவி உள்ளே போனது. கேலரியே எழுந்தது.

இவன் கேனைக் கீழே வைத்தான். பெஞ்சின்மேல் ஏறினான். கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான். இத்தனை வருடமாக எங்கள் ஆட்கள் கத்திய அதே வார்த்தை, அந்தப் பையனைப் பெற்றவளைப் பற்றியது. பக்கத்தில் இருந்தவன் இவன் முதுகில் தட்டிக் கொடுத்தான். இவன் சிரித்தான். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

சிரித்தபடியே கீழே திரும்பினான். அம்மா பாதி ஊற்றிய கப்போடு நின்றுகொண்டிருந்தாள். சிரிப்பு நின்றது.

"காதுல விழுந்துச்சாம்மா?"

"இன்னைக்கு விழுந்துச்சுப்பா" என்றாள்.

கப்பை டீ கேட்டவனிடம் கொடுத்துவிட்டு, கேனைத் தானே தூக்கிக்கொண்டு அடுத்த படிக்கு ஏறினாள்.