பாலத்தில் சொன்ன வணக்கம்

ஜப்பான்காரன் காலத்தில், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நடந்தது இது. என் கணவருக்கு ரயில் பட்டறையில் வேலை. எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அரிசி கண்ணில் படாத நாட்கள். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். அதையும் அவர், "இன்னைக்கு என்ன புள்ள, நெய்ச்சோறா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிடுவார். எனக்குச் சில நேரம் எரிச்சலாக வரும்.

வீட்டுக்குப் பக்கத்துப் பாலத்தில் ஒரு ஜப்பான் சிப்பாய் காவல் நிற்பான். கடந்து போகிறவர்கள் எல்லோரும் இடுப்பை வளைத்துக் குனிந்து அவனை வணங்க வேண்டும். குனிந்தது போதாவிட்டால் கன்னத்தில் அறை விழும். இவரும் ஒருமுறை வாங்கினார். மறுநாளிலிருந்து ரொம்பப் பணிவாகக் குனிந்து, முகத்தில் பக்தி வழிய, "உன் பொண்டாட்டி தேடுறா, வீட்டுக்குப் போடா" என்று சொல்ல ஆரம்பித்தார். பக்கத்தில் குனிந்திருக்கும் நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வேன்.

ஒரு நாள் சிப்பாய் கைகாட்டி நிறுத்தினான். என்ன சொன்னாய் என்று உடைந்த மலாயில் கேட்டான். எனக்கு உயிரே போய்விட்டது. இவரோ கொஞ்சமும் அசராமல், தமிழர்கள் பெரிய மனிதர்களுக்குச் சொல்லும் வணக்கம் அது என்று மலாயில் விளக்கினார். அவனுக்குப் பரம சந்தோஷம். தனக்கும் சொல்லித்தரச் சொல்லி, கடைசி இரண்டு வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டான். அதன்பின் எங்களைப் பார்த்தாலே, "வித்துக்கு போதா!" என்று தலையசைப்பான். அன்று கதவைச் சாத்திக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தோம். பசிகூட மறந்துபோனது.

பிறகுதான் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். பட்டறையிலிருந்து இவரை அப்படியே லோரியில் ஏற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். லோரி அந்தப் பாலத்தில் நின்றுகொண்டிருந்தது. சிப்பாய் இவரைப் பார்த்ததும் பழக்கத்தில், "வித்துக்கு போதா!" என்றான். லோரியில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள்.

இவர் என்னைப் பார்த்து, "கேட்டியா புள்ள, அவனே சொல்லிட்டான் லா. வந்துடுறேன்" என்றார். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

அதற்குப் பிறகும் தினமும் அதே பாலத்தில் குனிந்து அதையே சொன்னேன். சிப்பாய் தனக்குத்தான் என்று நினைத்துக்கொள்வான். நான் சயாமில் இருக்கிறவருக்குச் சொன்னேன்.

சண்டை முடிந்தது. அவர் வரவில்லை. அவரோடு போன ஒருவர், காலெல்லாம் புண்ணாக, ஒரு நாள் வீடு தேடி வந்தார்.

"பேதி கண்டு கொட்டாயில கெடந்தாரு தங்கச்சி. காவக்காரன் வர்றப்பல்லாம் படுத்தபடியே அந்த வணக்கத்தைச் சொல்லுவாரு. நாங்க சிரிப்போம். கடைசி நாளு காவக்காரன் யாரும் வரல. அப்பவும் சொன்னாரு. அன்னைக்கு யாரும் சிரிக்கல."

யாருக்குச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். தனக்கேதான் சொல்லிக்கொண்டார்.

சிரிப்பு அவரைக் காப்பாற்றவில்லை. ஆனாலும் அந்தப் பாலத்தைக் கடக்கும்போது இன்றும் என்னை அறியாமல் தலை குனிகிறது, உதடு அதையே சொல்கிறது. தேடுகிற பொண்டாட்டி நான்தானே.